ரோஜா போட்ட மசாலா டீ சோப்புத் தண்ணீர் மாதிரி ஆவது ஏன்?

காட்பாடியிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். அவருடைய மகள் பெங்களூரிலிருந்து வரும்போது ரோஜா இதழ், செம்பருத்தி, ஏலக்காய், பட்டை எல்லாம் கலந்த மசாலா டீ டப்பா ஒன்று வாங்கி வந்திருக்கிறாள். திறந்தாலே வாசனை தூக்குகிறதாம். வீட்டில் வழக்கம்போலப் பாலும் தண்ணீரும் சேர்த்துக் கொதிக்கவிட்டு, அதில் இந்தத் தூளைப் போட்டு இன்னும் ஐந்து நிமிஷம் கொதிக்கவிட்டிருக்கிறார்கள். முதல் நாள் சோப்பு வாசனையும் கசப்பும். இரண்டாம் நாள் பாலே திரிந்துவிட்டது. கோளாறு டப்பாவிலா, கையிலா? இதை எப்படிப் போட வேண்டும்? நல்ல சரக்கா இல்லையா என்று எப்படி ருசித்துப் பார்ப்பது? வீட்டிலேயே கலந்துகொள்ள முடியுமா?

டப்பாவிலும் கொஞ்சம், கையிலும் கொஞ்சம் என்றுதான் சொல்வேன். வேலூரில் இருபத்தெட்டு வருஷம் டீத்தூள் கடை வைத்திருந்தவன் நான். குன்னூரிலிருந்து மூட்டை இறக்கி, டீக்கடைக்கு ஒரு கலவை, வீட்டுக்கு ஒரு கலவை, லாட்ஜுக்கு ஒரு கலவை என்று கலந்து கொடுத்தே காலம் போனது. பூ டீயில் நானே ஒரு தடவை நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன், அதைப் பிறகு சொல்கிறேன். முதலில் பால் திரிந்த கதையை முடித்துவிடலாம், அது சுலபம்.

இந்த மாதிரி டப்பாக்களில் 'செம்பருத்தி' என்று போட்டிருப்பது பெரும்பாலும் நம் வீட்டு வாசலில் பூக்கிற செம்பருத்தி கிடையாது. புளிச்சகீரை இனத்துச் செடி ஒன்றின் சிவந்த, சதைப்பிடிப்பான புறவிதழ் அது. காயவைத்தால் கருஞ்சிவப்பாகச் சுருண்டு கிடக்கும். ஒன்றை எடுத்து வாயில் போட்டு மென்று பாருங்கள், புளிக்கும். புளிப்பைக் கொதிக்கிற பாலில் போட்டால் என்ன ஆகும் என்று பாலிலிருந்து பனீர் எடுத்துப் பழகியவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஆறின பால் கொஞ்சம் புளிப்பைத் தாங்கும். கொதிக்கிற பால் தாங்காது. முதல் நாள் திரியாமல், இரண்டாம் நாள் திரிந்ததற்குக் காரணம் அந்தக் கரண்டியில் சிவப்புத் துண்டு கொஞ்சம் அதிகமாக விழுந்திருக்கும், அவ்வளவுதான். பாலில் போடப்போகிற கலவையில் இந்தச் சரக்கைச் சேர்த்தவர் அதைப் பாலில் போட்டுக் குடித்துப் பார்த்திருக்க மாட்டார் என்பது என் எண்ணம்.

அப்புறம், நீங்கள் கூடவே பச்சை இஞ்சி தட்டிப் போட்டிருந்தால் அதுவும் கைகொடுத்திருக்கும். பச்சை இஞ்சியில் பாலின் புரதத்தை வெட்டுகிற நொதி ஒன்று இருக்கிறது. இஞ்சியைத் தண்ணீரிலேயே இரண்டு நிமிஷம் கொதிக்கவிட்டுவிட்டால் அது செத்துப்போகும், பிறகு பால் ஊற்றலாம். சுக்கில் இந்தத் தொல்லை அவ்வளவு இல்லை.

சோப்பு வாசனைதான் ருசியான விஷயம். ரோஜாவில் வருகிற ஜெரானியால், மல்லிகையிலும் லாவெண்டரிலும் வருகிற லினலூல் போன்ற வாசனைப் பொருள்களைத்தான் சோப்புக்காரர்களும் சேர்க்கிறார்கள். அதனால் மூக்கு பொய் சொல்லவில்லை. ஆனால் இன்னொன்றும் இருக்கிறது. நம்மூரில் பூ என்பது வாய்க்குப் போகிற பொருளே இல்லை. மல்லி என்றால் தலை, முல்லை என்றால் சாமி படம், ரோஜா என்றால் கல்யாண வாசலில் பன்னீர்ச் சொம்பு. வாழைப்பூ, வேப்பம்பூ, முருங்கைப்பூ சாப்பிடுகிறோம், ஆனால் அவற்றை வாசனைக்காகச் சாப்பிடுவதில்லை. அதனால் டம்ளரை வாய்க்குக் கொண்டுபோகும்போது ரோஜா என்று மூக்கு கண்டுபிடித்துவிட்டால், அடுத்த நொடியே அது குளியலறைக்கோ கல்யாண மண்டபத்துக்கோ போய்விடுகிறது. துருக்கியிலோ ஈரானிலோ ரோஜாவைச் சாப்பிட்டு வளர்ந்தவருக்கு இதே டீ இனிப்புக் கடையை ஞாபகப்படுத்தலாம்.

அதனால் நான் வைத்துக்கொண்ட கணக்கு இது: முதல் வாயில் பூவின் பேர் ஞாபகத்துக்கு வந்தால் பூ அதிகம். டீ நன்றாக இருக்கிறதே, இதில் என்ன போட்டிருக்கிறீர்கள் என்று கேட்க வைத்தால் அளவு சரி. மூன்றாவது வாயில், தொண்டைக்கு அந்தப் பக்கத்திலிருந்து, ஓ ரோஜாவா என்று வர வேண்டும்.

இப்போது என் கதை. கடை ஆரம்பித்த புதிதில் ஏதாவது புதுசாகச் செய்ய வேண்டும் என்ற வேகம். ரோஜா எசன்ஸ் ஒரு பாட்டில் வாங்கி, ஐந்து கிலோ டஸ்ட் டீயில் தெளித்து, பிசறி, மூட்டை கட்டி வைத்தேன். டீத்தூள் பக்கத்தில் இருக்கிற எந்த வாசனையையும் இழுத்துக்கொள்ளும் சாதி என்பது அன்றைக்கு எனக்கு முழுசாகப் புரியவில்லை. பக்கத்தில் அடுக்கியிருந்த மற்ற மூட்டைகளும் மணக்க ஆரம்பித்தன. இரண்டு நாள் கழித்துப் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் டீ போடுகிற மாஸ்டர் பொட்டலத்தோடு வந்து நின்றார். "இன்னாண்ணா இது? டீல சோப்பு உழுந்துடுச்சான்னு கேக்கறாங்க" என்றார். ஐந்து கிலோவோடு போகவில்லை, அந்த மாசம் பாதிச் சரக்கு திரும்பி வந்தது. இன்றைக்கும் எசன்ஸ் பாட்டிலைப் பார்த்தால் எனக்கு அந்த மாஸ்டர் முகம்தான் தெரிகிறது.

சரி, போடுகிற விதம். மசாலா டீ என்று நாம் ஒரே பாத்திரத்தில் போடுகிற மூன்று சரக்குக்கும் மூன்று விதமான நேரம் வேண்டும். பட்டை, சுக்கு, மிளகு எல்லாம் கட்டை. கொதித்தால்தான் இறங்கும், ஐந்து நிமிஷம் கொதித்தாலும் கெடாது. டீத்தூள் இரண்டு மூன்று நிமிஷத்தில் நிறமும் வாசனையும் கொடுத்துவிடும். அதற்கு மேல் கொதித்தால் துவர்ப்பும் கசப்பும்தான் மிச்சம். பூவிதழுக்குக் கொதியே ஆகாது. அதன் வாசனை காற்றில் பறக்கிற வகை. கொதிக்கும்போது அடுப்படி முழுக்க மணக்கிறதே என்று சந்தோஷப்படுவோம், அது அத்தனையும் டம்ளரில் இருந்திருக்க வேண்டியது. வாசனை பறந்த பிறகு இதழில் மிஞ்சுவதும் துவர்ப்புதான். உங்கள் வீட்டுக் கசப்பில் பாதி டீயிலிருந்தும் பாதி ரோஜாவிலிருந்தும் வந்திருக்கும்.

இரண்டு டம்ளருக்கு நான் செய்வது: 200 மில்லி தண்ணீரில் விரல்நகம் அளவு பட்டை, தட்டிய சுக்கு ஒரு சிறு துண்டு, இரண்டு மிளகு போட்டு நான்கு நிமிஷம் கொதிக்கவிடுவேன். ஏலக்காய் இரண்டை நசுக்கி, தோலும் விதையுமாகக் கடைசி ஒரு நிமிஷத்தில் போடுவேன். ஏலக்காயும் பறக்கிற சாதிதான், முதலிலேயே போட்டு வேகவைப்பது வீண். பிறகு டீத்தூள் ஐந்து கிராம், அதாவது சின்னக் கரண்டியில் இரண்டு. ஒரு கொதி, அரை நிமிஷம், அடுப்பை அணைத்துவிட வேண்டும். அணைத்த பிறகு காய்ந்த பன்னீர் ரோஜா இதழ் ஒரு சிட்டிகை, மூன்று விரலால் அள்ளுகிற பெரிய சிட்டிகை. உடனே தட்டு போட்டு மூடி இரண்டரை நிமிஷம். இன்னொரு பாத்திரத்தில் 100 மில்லி பாலைத் தனியாகக் காய்ச்சி வைத்துக்கொண்டு, வடிகட்டிய டீயில் ஊற்ற வேண்டும். சர்க்கரை கடைசியில், வழக்கத்தைவிடக் கொஞ்சம் குறைவாக. ரோஜாவோடு சர்க்கரை சேர்ந்தால் சர்பத் நினைப்பு வந்துவிடும்.

பால் விஷயத்தில் ஒரு வார்த்தை. பால்புரதம் டீயின் துவர்ப்பைப் பிடித்துக்கொள்ளும், அது நல்லது. பாலின் கொழுப்பு வாசனையையும் பிடித்துக்கொள்ளும், அது பூ டீக்கு நல்லதில்லை. ஆவினில் ஆரஞ்சு பாக்கெட்டில் 6 சதவீதம் கொழுப்பு, பச்சையில் 4.5, நீலத்தில் 3. சாதா டீக்கு நானும் பச்சைதான். ரோஜா போடுகிற நாளில் நீலம் போதும், அதுவும் தண்ணீரில் பாதிக்கு மேல் வேண்டாம். ஆடை மிதக்கிற கெட்டிப் பாலில் ரோஜா மூழ்கிவிடும். ஆற்றுகிற பழக்கம் உள்ளவர்கள் இந்த டீயை மட்டும் ஆற்ற வேண்டாம். இரண்டு முழ உயரத்திலிருந்து நாலு தடவை ஊற்றினால் மிச்சம் இருக்கிற மணமும் தெருவுக்குப் போய்விடும்.

உங்களிடம் இருப்பது எல்லாம் ஒன்றாகக் கலந்த டப்பா, நேரம் பிரித்துப் போட முடியாதே என்று கேட்பீர்கள். அதற்கு வழி, கலவையைக் கொதிக்கவே விடாமல் இருப்பது. தண்ணீரில் உங்கள் வீட்டுச் சுக்கையும் ஒரு ஏலக்காயையும் தனியாகக் கொதிக்கவிடுங்கள். அடுப்பை அணைத்துவிட்டு டப்பாத் தூளைப் போட்டு நான்கு நிமிஷம் மூடுங்கள். டப்பாவில் உள்ள பட்டை முழுசாக இறங்காது, போகட்டும், வீட்டுச் சுக்கு அந்த இடத்தை நிரப்பிவிடும்.

இனி ருசி பார்ப்பது. டீ வாங்குகிறவர்கள் செய்வதுபோல முதலில் கண்ணால். இரண்டு கரண்டி தூளை வெள்ளைத் தட்டில் பரப்புங்கள். கரண்டி விடுவதற்கு முன் டப்பாவை இரண்டு தடவை கவிழ்த்து நிமிர்த்த வேண்டும். இதழ் லேசு, தூள் கனம். பஸ்ஸில் குலுங்கி வந்ததில் இதழ் எல்லாம் மேலே, டஸ்ட் எல்லாம் அடியில் போயிருக்கும். மேலே அள்ளினால் அத்தர், அடியில் அள்ளினால் கஷாயம். உங்கள் முதல் நாள் டீ மேல்தட்டிலிருந்து வந்தது என்று நினைக்கிறேன்.

பிறகு மூக்கு. இதை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் குவாஹாட்டிக்காரர் ஒருவர். வேலூர் சிஎம்சி ஆஸ்பத்திரி பக்கம் காந்தி ரோட்டிலும் பாபு ராவ் தெருவிலும் நடந்தவர்களுக்குத் தெரியும், வங்காள எழுத்தில் போர்டு, மீன் குழம்புச் சாப்பாடு, லாட்ஜ் வாசலில் மாசக்கணக்கில் காத்திருக்கிற வடகிழக்குக் குடும்பங்கள். அவர் அம்மாவின் சிகிச்சைக்காக வந்தவர். பால் இல்லாத சிவப்பு டீ குடிக்கிற மனிதர், எங்கள் ஊர் டஸ்ட் ஒத்துவரவில்லை. இலை டீ இருக்கிறதா என்று ஓட்டை இந்தியில் கேட்டார், நானும் ஓட்டை இந்தியில் இருக்கிறது என்றேன். ஒரு பிடி தூளை உள்ளங்கையில் வாங்கி, கையைக் குவித்து, வாயால் 'ஹா' என்று சூடான மூச்சை அதன்மேல் விட்டு, உடனே மூக்கில் வைத்து இழுத்தார். மூச்சின் ஈரமும் சூடும் பட்டால் காய்ந்த இலை தன் வாசனையை விட்டுவிடும். பழைய சரக்கு என்றால் வைக்கோல் நாற்றம் அடிக்கும். அன்று அவர் முகர்ந்தது எட்டு மாசச் சரக்கு. தலையை ஆட்டிவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டார். நான் ஒன்றும் பேசவில்லை. அடுத்த வாரம் புதுச் சரக்கு வந்ததும் அவரைத் தேடிப்போய்க் கொடுத்தேன்.

உங்கள் டப்பாவிலும் அதைச் செய்யுங்கள். கூடவே இன்னொன்று: தட்டிலிருந்து ரோஜா இதழ்களை மட்டும் பொறுக்கி ஒரு டம்ளரில் போட்டு வெந்நீர் ஊற்றுங்கள். இதழ் பொறுக்கிய தூளை இன்னொரு டம்ளரில் போட்டு அதற்கும் வெந்நீர் ஊற்றுங்கள். இதழ் டம்ளர் சப்பென்று இருந்து, தூள் டம்ளர் கமகமவென்று ரோஜா வீசினால், வாசனை இதழிலிருந்து வரவில்லை, தூளில் தெளித்த எசன்ஸிலிருந்து வருகிறது என்று அர்த்தம். இதழ் அழகுக்குப் போட்டது. கடையில் வருகிற நிறையப் பூக் கலவைகள் இந்த ரகம்தான். மோசம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் விலையை இதழைப் பார்த்துக் கொடுக்காதீர்கள். டீத்தூளில் சாயம் இருக்கிறதா என்று பார்க்க, வெள்ளை உறிஞ்சுதாளை நனைத்து அதன்மேல் தூவி ஐந்து நிமிஷம் விட்டாலே போதும். நல்ல தூள் லேசான பழுப்புக் கறைதான் விடும். பளிச்சென்று ஆரஞ்சாகவோ சிவப்பாகவோ புள்ளி பரவினால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். செம்பருத்தித் துண்டைப் பொறுக்கிவிட்டுச் செய்ய வேண்டும், அதன் சிவப்பு இயற்கையாகவே பரவும்.

அடுத்தது வாய். ருசி பார்க்கும்போது பாலும் கூடாது, சர்க்கரையும் கூடாது. உலகம் முழுக்க டீ ருசிப்பவர்களுக்கு ஐஎஸ்ஓ 3103 என்று ஒரு விதிமுறையே இருக்கிறது: 100 மில்லி கொதிநீருக்கு 2 கிராம் தூள், மூடி ஆறு நிமிஷம். இதே மாதிரி ஒரு டீ விதிமுறையை ஆறு பக்கத்துக்கு எழுதியதற்காகப் பிரிட்டிஷ் தர நிறுவனத்துக்கு 1999இல் இக் நோபல் என்ற கிண்டல் பரிசையும் கொடுத்தார்கள். சிரிக்கலாம், ஆனால் ஒரே அளவு, ஒரே நேரம் என்று வைத்துக்கொள்ளாமல் இரண்டு டீயை ஒப்பிடவே முடியாது. ஆறு நிமிஷத்தில் ஊறுகிற டீ குடிப்பதற்கு இருக்காது, கடுமையாக இருக்கும். குறை எல்லாம் வெளியே தெரிய வேண்டும் என்பதற்காகத்தான் அந்தக் கடுமை.

சுடச்சுட வாயில் வைக்காதீர்கள். 65 டிகிரிக்கு மேல் சூடான எந்தப் பானமும் உணவுக்குழாய்ப் புற்றுக்கு வழி செய்யக்கூடும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பே 2016இல் சொல்லியிருக்கிறது. அது தவிர, அவ்வளவு சூட்டில் நாக்குக்கு ருசியும் தெரியாது. விரல் வைத்தால் பொறுக்கிற சூட்டுக்கு வந்ததும், ஒரு கரண்டி எடுத்து 'சுர்ர்' என்று சத்தம் வர உறிஞ்ச வேண்டும். வீட்டுப் பெரியவர்கள் தட்டில் ஊற்றி உறிஞ்சினால் திட்டுவோமே, அதே சத்தம்தான். காற்றும் டீயும் கலந்து வாய்க்குள் தெறிக்கும்போது வாசனை தொண்டை வழியாக மூக்குக்கு ஏறும். விழுங்கிவிட்டு வாயை மூடி மூக்கால் மூச்சு விடுங்கள். பூ உண்மையானதா என்பது அந்த மூச்சில் தெரிந்துவிடும். எசன்ஸ் என்றால் டம்ளருக்கு மேலே கத்தும், தொண்டையில் ஒன்றும் இருக்காது, சிலசமயம் ஒரு மருந்துக் கசப்பு மட்டும் நிற்கும். நல்ல இதழ் மேலே அடக்கமாக இருந்து பின்னால் வரும். டீ பாதி ஆறிய பிறகு இன்னொரு வாய் குடியுங்கள். மோசமான கலவை ஆறினால் சகிக்காது.

எந்த டீயில் பூ சேரும்? நம்மூர் டீக்கடைத் தூள் சிடிசி டஸ்ட்; இலையை நசுக்கி, கிழித்து, சுருட்டி உருண்டையாக்குகிற முறை, 1930களில் அசாமில் வந்தது. நிறமும் கனமும் அதில் உடனே இறங்கும். பாய்லர் பக்கத்தில் துணிப்பையில் டிக்காஷன் இறக்குகிற கடைக்கு அதுதான் லாயக்கு. ஆனால் அந்தக் கனத்துக்குக் கீழே ரோஜா நசுங்கிப்போகும். பூவுக்கு ஏற்றது ஆர்த்தடாக்ஸ் என்று சொல்கிற முழு இலை டீ, அதிலும் நீலகிரி உயரத்தில் விளைந்தது. இதைச் சொந்த ஊர்ப் பாசத்தில் சொல்லவில்லை. லினலூல், ஜெரானியால் என்று மேலே சொன்னேனே, அவை டீ இலையிலேயே இருக்கின்றன, குளிர்காலத்தில் மெதுவாக வளர்கிற நீலகிரி இலையின் பேரே அந்தப் பூ வாசனைக்குத்தான். ஏலக்காயிலும் லினலூல் உண்டு. ரோஜா, ஏலக்காய், நீலகிரி இலை மூன்றும் ஒத்துப்போவது அதனால்தான். அசாம் டீ கனமானது, அதற்கு இஞ்சியும் மிளகும் ஜோடி. நான் வீட்டில் போடுவது மூன்று பங்கு நீலகிரி இலை, ஒரு பங்கு சிடிசி. சிடிசி கொஞ்சமாவது இல்லாவிட்டால் பால் ஊற்றியதும் டீ வெளுத்துப்போகிறது.

பூ என்று நாம் பேர் வைத்திருப்பதையெல்லாம் நம்ப வேண்டாம் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அன்னாசிப்பூ பூவே இல்லை, காய்ந்த காய். கிராம்பை யாரும் பூ என்று சொல்வதில்லை, ஆனால் அதுதான் அசல் பூமொட்டு, விரியும் முன் பறித்துக் காயவைத்தது. ஆக, சாதா மசாலா டீயிலேயே பூ ஏற்கெனவே இருக்கிறது. ரோஜா போடுகிற கலவையில் இந்தக் கிராம்பைக் கையைக் கட்டித்தான் போட வேண்டும். இரண்டு டம்ளருக்கு அரைக் கிராம்பு. அதற்கு மேல் போனால் பல் டாக்டர் அறை வாசனை வந்துவிடும், ரோஜா ஓடிவிடும்.

நம் பக்கத்துப் பூக்களில் எது தேறும் என்று பார்ப்போம். ரோஜாவில் பன்னீர் ரோஜா ஒன்றுதான். வெளிறிய இளஞ்சிவப்பு, இதழ் மெல்லிசு, பறித்த அன்றைக்கே உதிர்ந்துவிடும். பொக்கேவில் வருகிற ஓசூர் சிவப்பு ரோஜா பார்க்க அழகு, வாசனை கிடையாது. அதைவிட முக்கியம், மார்க்கெட் பூ சாப்பிடுவதற்கு வளர்த்தது இல்லை. நேதாஜி மார்க்கெட்டில் குவித்திருக்கிற உதிரிப்பூவின்மேல் எத்தனை தடவை மருந்து அடித்திருப்பார்கள் என்று விற்கிறவருக்கே தெரியாது, கழுவினால் போகவும் போகாது. வீட்டுத் தொட்டியில் வளர்த்த செடி, அல்லது உணவுக்கென்று விற்கிற காய்ந்த இதழ், இரண்டில் ஒன்று. காலையில் வெயில் ஏறுவதற்கு முன் பறித்து, இதழைப் பிரித்து, அடியில் இருக்கிற வெள்ளைக் கசப்புப் பகுதியைக் கிள்ளி எறிந்துவிட்டு, நிழலில் துணிமேல் பரப்புங்கள். வேலூர் காற்றுக்கு இரண்டு மூன்று நாள் போதும். மொட்டைமாடி வெயிலில் போட்டால் ஒரே நாளில் காயும், ஆனால் நிறமும் மணமும் போய்க் கருவாடாகிவிடும். இதழில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர்தான், ஒரு கூடை பறித்தால் ஒரு பிடி மிஞ்சும்.

ஆவாரம்பூ நம்மூர்க் கரட்டு நிலமெங்கும் பூக்கிறது. 'ஆவாரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டோ' என்று பழமொழியும் இருக்கிறது. நல்ல மஞ்சள் நிறம், லேசான கசப்பு, வாசனை என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. தனியாக வெந்நீரில் போட்டுக் குடிக்கலாம், மசாலா டீயில் அது வீண். சர்க்கரைக்கு மாத்திரை எடுக்கிறவர்கள் தினமும் குடிப்பதற்கு முன் டாக்டரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். சங்குப்பூ நிறத்துக்கு மட்டும். நீலமாக இறங்கும், எலுமிச்சை பிழிந்தால் ஊதாவாகும், குழந்தைகள் கைதட்டும். பாலில் ஊற்றினால் சுவருக்கு அடிக்கிற டிஸ்டெம்பர் மாதிரி இருக்கும். தாழம்பூ எசன்ஸ் ஒரு சொட்டே அதிகம், அது பிரியாணிக்காரர்கள் பாடு. மகிழம்பூ காய்ந்த பிறகும் மணக்கிற அபூர்வப் பூ. அதை டீயில் போட மாட்டேன், சின்னத் துணியில் முடிந்து டீ டப்பாவுக்குள் இரண்டு நாள் வைத்துவிட்டு எடுத்துவிடுவேன், எனக்குப் பிடிக்கும், வீட்டில் யாருக்கும் பிடிக்காது. அரளி, ஊமத்தை பக்கம் போகவே வேண்டாம், விஷம். பேர் தெரியாத எந்தப் பூவையும் அப்படித்தான் நினைக்க வேண்டும்.

மல்லிக்கு வருகிறேன். குண்டு மல்லியைக் காயவைத்து டீயில் போட்டுப் பார்க்காதவர்கள் குறைவு, ஏமாறாதவர்களும் குறைவு. மல்லி மணத்தைச் சேர்த்து வைத்திருக்கிற பூ கிடையாது. மொட்டு விரிகிற அந்த ராத்திரியில் மணத்தை உண்டாக்கி வெளியே விடுகிறது. காய்ந்தால் மிஞ்சுவது பழுப்புச் சருகு. சீனாவில் ஃபூஜியன் பக்கம் மல்லி டீ செய்கிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டுதான், டீயையும் மொட்டையும் அடுக்கடுக்காகப் போட்டு ராத்திரி முழுக்க வைத்து, காலையில் பூவைச் சலித்து எறிந்துவிடுகிறார்கள். உயர்ந்த ரகத்துக்கு இதையே பல ராத்திரி செய்கிறார்கள்.

இதை வீட்டில் செய்யலாம், நான் செய்திருக்கிறேன். பங்குனி சித்திரையில் செடி கொட்டும்போது செய்வது நல்லது. மார்கழியில் மொட்டும் கிடைக்காது, விலையும் கட்டாது. 100 கிராம் இலை டீ, பச்சை டீயாக இருந்தால் இன்னும் நல்லது. உங்கள் வீட்டுச் செடியில் சாயங்காலம் பறித்த, மறுநாள் அல்ல அன்றைக்கே விரியப்போகிற வெள்ளை மொட்டு 50 கிராம். எவர்சில்வர் தூக்கில் ஒரு அடுக்கு டீ, ஒரு அடுக்கு மொட்டு என்று போட்டு, மெல்லிய துணியால் மூடி வையுங்கள். இரவு எட்டு ஒன்பது மணிக்கு மேல் மொட்டு வெடிக்கும். படுக்கப்போகும் முன் கைவிட்டுப் பாருங்கள், உள்ளே வெதுவெதுப்பாக இருக்கும். ஒரு தடவை கிளறிவிட வேண்டும், இல்லாவிட்டால் பூ புழுங்கிவிடும். விடிந்ததும் பூவை ஒன்று விடாமல் பொறுக்கி எறிந்துவிடுங்கள். டீ பூவின் ஈரத்தை இழுத்து நமுத்திருக்கும். கடாயைச் சூடுபண்ணி அடுப்பை அணைத்துவிட்டு, கை பொறுக்கிற சூட்டில் அதைப் போட்டுப் புரட்டி ஆறவிடுங்கள். மூன்று ராத்திரி இப்படிச் செய்தால் டீ தயார். இதில் தயவுசெய்து பாலும் வேண்டாம், மசாலாவும் வேண்டாம். வெந்நீரில் மூன்று நிமிஷம், வெறும் டீ. ஆம்பூர் பக்கம் கல்யாணப் பிரியாணி சாப்பிட்டு வந்த மத்தியானத்துக்கு இதைவிட நல்லது எனக்குத் தெரியாது.

ரோஜா மசாலாக் கலவை வீட்டில் செய்ய, 100 கிராம் டீக்கு ரோஜா இதழ் 8 கிராம், ஏலக்காய் 6, சுக்கு 4, பட்டை 3, கிராம்பும் மிளகும் ஒவ்வொரு கிராம். நகை எடை போடுகிற மாதிரி சின்னத் தராசு இப்போது மலிவாகக் கிடைக்கிறது, கரண்டிக் கணக்கு இதில் ஆகாது. மசாலாவைக் கொரகொரப்பாகப் பொடித்துத் தனி டப்பாவில், இதழும் டீயும் தனித்தனி டப்பாவில் வையுங்கள். ஒன்றாகக் கலந்தால் பார்க்க அழகு, போடும்போது உங்களுக்கு வந்த அதே தொல்லை.

தண்ணீரைச் சொல்லாவிட்டால் வேலூர்க்காரன் என்று சொல்லிக்கொள்ள முடியாது. போர் தண்ணீரில் பால் இல்லாத டீ போட்டு ஐந்து நிமிஷம் வைத்துப் பாருங்கள், மேலே எண்ணெய்ப் படலம் மாதிரி ஒன்று மிதந்து, கரண்டி பட்டால் துண்டு துண்டாக உடையும். தண்ணீரின் சுண்ணாம்புச் சத்தும் டீயின் துவர்ப்புச் சத்தும் சேர்ந்து கட்டுகிற ஆடை அது. டீ கலங்கி, நிறம் மங்கி, பூவின் வாசனை எங்கே போனது என்றே தெரியாது. பால் டீயில் இது கண்ணுக்குத் தெரியாததால் பலர் தூளைக் குறை சொல்வார்கள்; என் கடைக்கு வந்த புகார்களில் நிறைய இந்த ரகம். காவிரித் தண்ணீர் வருகிற வீட்டில் அதையே பிடித்து வையுங்கள். ஆர்ஓ தண்ணீர் நேர் எதிர், டீ பளபளப்பாக இருக்கும், ஆனால் மெலிந்துவிடும். அதில் கால் பங்கு குழாய்த் தண்ணீர் கலந்தால் சரியாகும்.

வைக்கிற இடம்: நம்மூர்ச் சித்திரை வெயிலில் ஷீட் கூரைக்குக் கீழே பரணில் வைத்த இதழ் ஒரு மாசம் தாங்காது. வெளிச்சம் படாத டப்பா, அடுப்பிலிருந்து தள்ளி, வீட்டிலேயே குளிர்ச்சியான மூலையில். பெருங்காயம், ஊதுவத்தி, சோப்பு மூன்றும் அந்த அலமாரியில் இருக்கக் கூடாது. டீ ஒரு வருஷம் தாங்கினாலும் இதழை நான்கு மாசத்துக்கு மேல் நம்பாதீர்கள். பிரிட்ஜில் வைத்தால் ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் வேர்க்கும், வேண்டாம்.

உங்களிடம் மிச்சம் இருக்கிற டப்பாவைத் தூக்கிப் போட வேண்டாம். தட்டில் கொட்டிச் செம்பருத்தித் துண்டுகளைப் பொறுக்கித் தனியாக வையுங்கள், பத்து நிமிஷ வேலை. மீதியை மூன்று பங்குச் சாதா நீலகிரித் தூளோடு கலந்தால் பால் டீக்கு ஆகும், பூவும் அளவுக்கு வந்துவிடும். பொறுக்கிய செம்பருத்தியை ஒரு பிடி எடுத்து ஒரு லிட்டர் வெந்நீரில் போட்டு, வெல்லமும் தட்டிய ஏலக்காய் ஒன்றும் சேர்த்து ஊறவைத்து, வடிகட்டி மண்பானையில் ஊற்றி வையுங்கள். மகள் அடுத்த தடவை வரும்போது காட்பாடி ஸ்டேஷனிலிருந்து வெயிலில் வந்து இறங்கியதும் ஒரு டம்ளர் கொடுக்கலாம்.